மனம் படபடக்கும்போது மூச்சை எப்படி விடுவது

நான் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஒரு மூச்சுப் பயிற்சியைப் பற்றி இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன். அதைச் சொல்லி முடிக்க ஒரு வரி போதும்: மனத்துக்குள் நான்கு எண்ணும் நேரம் மூக்கின் வழியாக மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் நேரம் அதை மெதுவாக வெளியே விட்டு, ஐந்து நிமிடம் இப்படியே தொடர வேண்டும். இதற்குத் தனி அறை வேண்டாம், கருவி வேண்டாம், கட்டணம் கட்டிச் சேரும் வகுப்பும் வேண்டாம். ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் கேட்டுவிட்டு முயல்கிறவர்களில் பலர், முயற்சி முழுவதையும் உள்ளே இழுக்கும் மூச்சிலேயே செலவழித்துவிட்டு, “எனக்கு இது ஒத்துவரவில்லை, தலைதான் சுற்றுகிறது” என்று கைவிட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பயிற்சியில் அமைதியைத் தருவது வெளியே விடும் மூச்சு. அது நீளமாகவும் வலுக்கட்டாயம் இல்லாமலும் அமைந்துவிட்டால், உள்ளே வர வேண்டியது தானாக வந்து சேரும். ஏன் அப்படி என்பதற்கு உடலிலேயே தெளிவான காரணங்கள் இருக்கின்றன; அவற்றைத் தெரிந்துகொண்டு செய்கிறவர்கள் பயிற்சியை எளிதில் விடுவதில்லை என்பது என் நம்பிக்கை.

பதற்றம் வரும்போது உடலில் நடப்பதை ஒருமுறையாவது கவனித்துப் பார்த்தவர்களுக்கு, அதில் மூச்சு எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பது தெரிந்திருக்கும். தோள்கள் மேலே ஏறிக்கொள்கின்றன, வயிறு இறுகுகிறது, மார்பின் மேற்பகுதி மட்டும் சின்னச் சின்னதாக ஏறி இறங்குகிறது, இடையிடையே மூச்சு நின்றும் போகிறது. சங்கடமான ஒரு செய்தியைக் கைபேசியில் படித்துக்கொண்டிருக்கும் ஒருவரை அருகிலிருந்து பார்த்தால், படித்து முடிக்கும்வரை அவர் மூச்சே விடாமல் இருப்பதைக் காணலாம். அச்சம் வந்த பிறகு மூச்சு மாறுகிறது என்று நாம் நினைக்கிறோம். மூச்சு மாறியதால் அச்சம் கூடுவதும் அதே அளவுக்கு உண்மை. 2017-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் மூளைத்தண்டில் ஒரு சிறு நரம்பணுக் கூட்டத்தைக் கண்டறிந்தார்கள். மூச்சின் தாளத்தை உண்டாக்கும் பகுதிக்குள்ளேயே இருக்கும் இந்த அணுக்கள், விழிப்பையும் பரபரப்பையும் தூண்டும் மற்றொரு பகுதிக்கு, மூச்சு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்ற செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அவற்றை நீக்கியபோது எலிகள் நன்றாகவே மூச்சுவிட்டன. ஆனால் வழக்கத்தைவிட அமைதியாகி, நெடுநேரம் தங்கள் உடலைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிட முடியாது என்றாலும், மூச்சின் வேகத்தை மூளை தொடர்ந்து ஒட்டுக்கேட்கிறது என்பதை எண்ணிப்பார்க்கும்போது, மூச்சை மாற்றினால் மனம் மாறுவது ஒரு கற்பனை இல்லை என்ற உறுதி எனக்குக் கிடைத்தது.

உடலின் உள்வேலைகளில் பெரும்பாலானவை நம் சொல்லுக்குக் கட்டுப்படுவதில்லை. இதயத்தைப் பார்த்து மெதுவாகத் துடி என்றோ, இரைப்பையைப் பார்த்துச் சுரப்பை நிறுத்து என்றோ ஆணையிட முடியாது. அவற்றைத் தானியங்கு நரம்பு மண்டலம் தன் போக்கில் நடத்திக்கொள்கிறது. மூச்சும் அதைப் போலவே தானாக நடக்கிறது. ஓய்வாக இருக்கும் வயதுவந்த ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 முறை, நினைக்காமலேயே மூச்சுவிடுகிறார். ஆனால் அதே மூச்சை நினைத்த நேரத்தில் நீட்டலாம், குறைக்கலாம், சற்று நிறுத்தலாம். பேசுவதும் பாடுவதும் நீந்துவதும் இந்த உரிமையால்தான் நமக்குக் கைகூடுகின்றன. தானாகவும் நடந்து, சொன்னபடியும் கேட்கும் இந்த இரட்டைத் தன்மையால்தான், எட்டாத இடத்தில் இருக்கும் இதயத்தையும் ரத்தக்குழாய்களையும் மூச்சின் வழியாக நம்மால் ஓரளவுக்குத் தொட முடிகிறது.

இனி செய்முறைக்கு வருகிறேன். நாற்காலியில் உட்காரலாம், தரையில் உட்காரலாம், படுத்துக்கொள்ளலாம், வரிசையில் நின்றபடியும் செய்யலாம். கூன் விழாமல் வயிறு மடங்காமல் இருந்தால் போதும். இடுப்பில் இறுக்கமாக எதுவும் கட்டியிருந்தால் தளர்த்திக்கொள்வது நல்லது. தொடக்கத்தில் ஒரு கையை மார்பின் மீதும் மற்றொரு கையைத் தொப்புளுக்குச் சற்று மேலும் வைத்துக்கொண்டால், மூச்சு எங்கே நடக்கிறது என்பது கைகளுக்கே தெரிந்துவிடும். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையில் குடை போல விரிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கும்போது வயிற்று உறுப்புகள் முன்னால் தள்ளப்படுவதால், வயிற்றின் மீதுள்ள கை மெதுவாக உயரும். மார்பின் மீதுள்ள கை அதிகம் அசையாமல் இருக்க வேண்டும். வயிற்றை வேண்டுமென்றே முன்னால் தள்ளுவதோ எக்குவதோ தேவையில்லை. அதை இறுக்காமல் விட்டுவிட்டால் உதரவிதானம் தன் வேலையைச் செய்துகொள்ளும்.

முதலில், உள்ளே இழுக்காமல், இருக்கிற மூச்சை வெளியே விட்டுத் தொடங்குங்கள். இந்த ஒன்றை நான் யாருக்குச் சொன்னாலும் அழுத்திச் சொல்வேன். பதற்றத்தில் இருப்பவரின் நெஞ்சு ஏற்கெனவே பாதி நிரம்பியே இருக்கும். அதன் மேல் இன்னும் இழுத்தால் இறுக்கம்தான் கூடும். வெளியே விட்ட பிறகு, அடுத்த மூச்சு தானாக உள்ளே வரத் தொடங்கும்போது மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணலாம். நான்கு முடியும் இடத்தில் நுரையீரல் நிரம்பி வழிய வேண்டிய அவசியம் இல்லை. வழக்கமான மூச்சைவிடச் சற்றுக் கூடுதலாக வந்திருந்தால் போதும். பிறகு ஆறு எண்ணும்வரை, மூக்கின் வழியாகவோ, உதடுகளை லேசாகக் குவித்து வாயின் வழியாகவோ, அவசரமில்லாமல் வெளியே விடலாம். ஆறு முடிவதற்குள் மூச்சு தீர்ந்துபோனால் தொடக்கத்தில் வேகமாக விட்டிருக்கிறீர்கள் என்று பொருள். அடுத்த முறை இன்னும் மெல்லியதாகத் தொடங்கினால் சரியாகிவிடும். ஆறு முடிந்ததும் வயிற்றை அழுத்தி மிச்சக் காற்றைப் பிழிந்து எடுக்கக் கூடாது. இடையில் நிறுத்திவைப்பதும் வேண்டாம். மூச்சை அடக்கிவைக்கும் பயிற்சிகள் பல இருந்தாலும், அவற்றை நேரில் இருந்து கற்பிக்கும் ஆசிரியரிடம்தான் கற்க வேண்டும்; மனம் அமைதியடைவதற்கு அவை கட்டாயம் இல்லை.

வெளிமூச்சை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதை உங்கள் மணிக்கட்டே சொல்லும். கட்டைவிரலின் பக்கமாக நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சுவிட்டுப் பாருங்கள். உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும், வெளியே விடும்போது துடிப்புகளுக்கு இடையே உள்ள நேரம் நீள்வதும், குறிப்பாக இளவயதினருக்கு, விரல்நுனியில் தெளிவாகத் தெரியும். கார்ல் லுட்விக் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர் 1847-ஆம் ஆண்டிலேயே இந்த ஏற்ற இறக்கத்தைக் கருவியில் பதிவு செய்தார். இது நோய் இல்லை; நலமாக இருக்கும் இதயத்தின் அடையாளம். வயதாக ஆக இது குறைவதும் இயல்புதான்.

இதற்குப் பின்னால் இருப்பது வேகஸ் என்ற பத்தாவது மூளை நரம்பு. இதயத்தில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவை எந்த நரம்பின் தலையீடும் இல்லாமல் தனியே விட்டால், அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். ஓய்வில் நமக்கு 60 முதல் 80 வரை இருப்பதற்குக் காரணம், வேகஸ் நரம்பு எந்நேரமும் அதன் மேல் மென்மையாகக் கைவைத்து வேகத்தைக் குறைத்துக்கொண்டிருப்பதுதான். மூச்சை உள்ளே இழுக்கும்போது மூளைத்தண்டு அந்தக் கையைச் சற்றுத் தளர்த்துகிறது. வெளியே விடும்போது மீண்டும் வைக்கிறது. எனவே வெளிமூச்சை நீட்டும்போது, இதயத்தை அடக்கும் நரம்பு வேலை செய்யும் நேரத்தையும் நாம் நீட்டுகிறோம். ஓட்டோ லோவி என்ற மருந்தியல் அறிஞர் 1921-இல் ஒரு தவளையின் இதயத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டி, அந்த இதயம் நனைந்திருந்த திரவத்தை எடுத்து மற்றொரு தவளையின் இதயத்தில் சேர்த்தபோது, நரம்பே தொடப்படாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவாகத் துடித்தது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் செய்தி சொல்கிறது என்பது அப்படித்தான் நிலைநாட்டப்பட்டது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் என்பதும் பின்னர் உறுதியானது. இந்தப் பணிக்காக ஹென்றி டேலுடன் அவர் 1936-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த வேதிப்பொருள் ஓரிரு துடிப்புக்குள் வேலையைத் தொடங்கி, உடனே சிதைந்தும் போகிறது. மூச்சின் ஒவ்வொரு சுற்றையும் இதயம் உடனுக்குடன் பின்தொடர முடிவது இதனால்தான்.

ஆனால் படபடப்பை உண்டாக்கும் மறுபக்கம் இவ்வளவு விரைவாக விலகுவதில்லை. அட்ரினலின் போன்ற சுரப்புகள் ரத்தத்தில் கலந்த பிறகு அவை அடங்கச் சில நிமிடங்கள் ஆகும். இரண்டு மூச்சு விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று சலித்துக்கொள்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். முதல் நிமிடத்தில் மனம் முரண்டுபிடிக்கும், எண்ணிக்கை தவறும், எழுந்து போய்விடலாமா என்று தோன்றும். என் அனுபவத்தில் மூன்றாவது நிமிடத்தை ஒட்டித்தான் ஏதோ ஒன்று இளகுகிறது. உள்ளங்கை கதகதப்பாகிறது, தாடை தானாகத் தளர்கிறது, வாயில் உமிழ்நீர் ஊறுகிறது. வறண்டிருந்த வாய் ஈரமாவது சிறிய அறிகுறியாகத் தோன்றலாம். உமிழ்நீர்ச் சுரப்பும் உடலை ஓய்வுக்குத் திருப்பும் நரம்புகளின் வேலைதான் என்பதால், அதை நான் நம்பகமான அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நான்கும் ஆறும் சேர்ந்து பத்து; எண்ணுவதை ஏறத்தாழ ஒரு நொடிக்கு ஒன்றாக வைத்துக்கொண்டால் ஒரு மூச்சுக்குப் பத்து நொடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இந்த ஆறு என்ற அளவு யாரோ மனம்போனபடி வைத்தது இல்லை. கழுத்திலும் மார்பிலும் உள்ள பெரிய தமனிகளின் சுவரில் ரத்த அழுத்தத்தை அளக்கும் உணர்விகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் இதயத்தை மெதுவாக்கவும், இறங்கினால் விரைவாக்கவும் அவை மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. செய்தி போய், திருத்தம் நடந்து, அதன் விளைவு திரும்பி வருவதற்குச் சில நொடிகள் தாமதமாவதால், இந்த ஏற்பாட்டுக்கென்றே ஏறத்தாழ பத்து நொடி நீளமுள்ள ஒரு இயல்பான அலை இருக்கிறது. மூச்சும் அதே பத்து நொடிக்கு வந்து சேரும்போது இரண்டு அலைகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி, சரியான நேரத்தில் தள்ளப்படும் ஊஞ்சல் போல, இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. ரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் திறனும் கூர்மையடைகிறது. ஆளுக்கு ஆள் இது சற்று மாறும்; உயரமானவர்களுக்கு ஐந்தாகவும், வேறு சிலருக்கு ஏழாகவும் இருக்கலாம். அதனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு துல்லியமாகச் செய்ய வேண்டியதில்லை.

இதைப் பற்றிய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2001-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவரது குழுவினரும் சிலரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவும், “ஓம் மணி பத்மே ஹூம்” என்ற மந்திரத்தை ஓதவும் வைத்து, மூச்சையும் இதயத்துடிப்பையும் அளந்தார்கள். கத்தோலிக்கம், பௌத்தம் என்ற வெவ்வேறு மரபுகளில் வந்த அந்த இரண்டு வழிபாடுகளும், மூச்சை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற அதே அளவுக்குக் கொண்டுவந்தன. எந்தக் கருவியும் இல்லாத காலத்தில், தங்கள் உடல் எந்த வேகத்தில் இளைப்பாறுகிறது என்பதை மனிதர்கள் கண்டுபிடித்து, அதை வழிபாட்டின் தாளத்துக்குள் வைத்துக் காத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு மரியாதை எழுகிறது. இறைநம்பிக்கை உள்ளவர்கள் எண்களுக்குப் பதிலாகத் தங்களுக்குப் பழகிய வரியையே மூச்சோடு சேர்த்துச் சொல்லலாம். நீளம் சரியாக இருந்தால் உடலுக்கு வேறுபாடு இல்லை.

இந்தப் பயிற்சியால் உடலுக்கு ஆக்சிஜன் அதிகமாகக் கிடைக்கிறது, அதனால்தான் அமைதி வருகிறது என்ற விளக்கத்தைப் பல இடங்களில் படிக்கிறோம். நலமாக உள்ள ஒருவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சாதாரணமாகவே 95 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். ஆழமாக இழுத்து அதை ஏற்றுவதற்குப் பெரிதாக இடமில்லை. ஆனால் ஆழமாகவும் வேகமாகவும் இழுப்பதால் மாறக்கூடிய மற்றொன்று இருக்கிறது. அது கார்பன் டை ஆக்சைடு. அதைக் கழிவு என்று மட்டும் நினைப்பது சரியில்லை. ரத்தத்தின் அமிலத்தன்மையைச் சமன்செய்வதும், மூளையின் ரத்தக்குழாய்களை வேண்டிய அளவுக்கு விரித்துவைப்பதும் அதுதான். அளவுக்கு மீறி மூச்சு வாங்கும்போது அது அதிகமாக வெளியேறி, மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய்கள் சுருங்கி, தலை கிறுகிறுக்கிறது. விரல்நுனிகளிலும் வாயைச் சுற்றியும் ஊசி குத்துவது போல மரத்துப்போகிறது. பதற்றத்தில் இருப்பவருக்கு இந்த உணர்வுகள் வந்தால், ஏதோ பெரிய ஆபத்து என்று அஞ்சி இன்னும் வேகமாக இழுப்பார். “நன்றாக ஆழமாக இழுத்து விடு” என்ற நல்லெண்ண அறிவுரை சில நேரம் எதிர்மாறாக முடிவது இப்படித்தான்.

ஒரு சின்னக் கணக்கு இதைத் தெளிவாக்கும். நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ 150 மில்லி லிட்டர் காற்று மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாய்களிலும் தங்கி, நுரையீரலின் காற்றறைகளை எட்டாமலேயே திரும்பிவிடுகிறது. ஒருவர் நிமிடத்துக்கு 15 முறை, முறைக்கு 400 மில்லி லிட்டர் மூச்சுவிடுகிறார் என்று வைத்துக்கொண்டால், பயன்படும் காற்று முறைக்கு 250, நிமிடத்துக்கு 3,750 மில்லி லிட்டர். அதே 3,750-ஐ ஆறே மூச்சில் பெறுவதற்கு ஒரு மூச்சுக்கு 775 மில்லி லிட்டர் இருந்தால் போதும். அதாவது வழக்கத்தைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. நுரையீரலோ முயன்று இழுத்தால் லிட்டர் கணக்கில் கொள்ளும். எனவே மெதுவாக விடுகிறோம் என்பதற்காக நெஞ்சை முட்டமுட்ட நிரப்பினால், உடல் கேட்டதைவிடப் பல மடங்கு காற்றைத் திணிக்கிறோம். மெதுவாக, ஆனால் சிறிதாக என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் தலைசுற்றலுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. அப்படியும் தலை சுற்றினால் எண்ணுவதை நிறுத்திவிட்டு, வழக்கமாக மூச்சுவிட்டுக்கொண்டு சற்று நேரம் அமர்ந்திருந்தால் சரியாகிவிடும்.

மிகவும் இறுக்கமான நேரத்தில், எண்ணுவதற்குக்கூடப் பொறுமை இல்லாதபோது, பெருமூச்சைப் பயன்படுத்தும் மற்றொரு வழியும் இருக்கிறது. நாம் யாரும் வருத்தத்தில் மட்டும் பெருமூச்சு விடுவதில்லை. ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, நமக்கே தெரியாமல் விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நுரையீரலில் உள்ள கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகளில் சில அவ்வப்போது சுருங்கி ஒட்டிக்கொள்ளும்; அவற்றை மீண்டும் திறப்பதற்கு மூளைத்தண்டு செய்துவைத்திருக்கும் ஏற்பாடு அது. இதையே வேண்டுமென்று செய்வதாக இருந்தால், மூக்கின் வழியாக ஒரு மூச்சு இழுத்து, அது முடியும் இடத்தில் இன்னும் ஒரு சிறு மூச்சைச் சேர்த்து இழுத்து, பிறகு இரண்டையும் சேர்த்து வாயின் வழியாக மிக நீளமாக விட வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் வீதம் ஒரு மாதம் இதைச் செய்தவர்களுக்கு, அதே நேரம் தியானத்தில் அமர்ந்தவர்களைவிட மனநிலையில் கூடுதலான முன்னேற்றம் தெரிந்தது. நான் இதை இரண்டு மூன்று முறை செய்து இறுக்கத்தை உடைத்துவிட்டு, பிறகு நான்குக்கு ஆறு என்ற தாளத்துக்கு மாறிக்கொள்வேன்.

எந்தெந்த வேளையில் இது எனக்கு உதவியிருக்கிறது என்று கேட்டால், முதலில் இரவைத்தான் சொல்வேன். படுத்த பிறகு மனம் அன்றைய நாளை மீண்டும் ஓட்டத் தொடங்கும்போது, அதை நிறுத்தச் சொல்லி அதனோடு வாதாடுவதில் பயனில்லை. எண்ணுவதற்கு மனத்தின் ஒரு பகுதி தேவைப்படுவதால், எண்ணிக்கை அந்த ஓட்டத்துக்குக் கிடைக்கும் இடத்தைச் சற்றுக் குறைக்கிறது. நீண்ட வெளிமூச்சு உடலைப் படுக்கையில் அமிழ்த்துகிறது. தூங்கியே ஆக வேண்டும் என்ற நோக்கத்தோடு செய்தால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால், எண்ணி முடிப்பது மட்டுமே வேலை என்று வைத்துக்கொள்வது நல்லது. நடுவில் எண்ணிக்கை மறந்துபோனால் ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்கலாம். பல இரவுகளில் அந்த மறதியிலேயே உறக்கம் வந்துவிடும்.

என் தந்தைக்கு அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது, கதவுக்கு வெளியே காத்திருந்த அந்த நீண்ட பொழுதில் எனக்குத் துணையாக இருந்ததும் இந்த மூச்சுதான். அச்சம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அது அங்கேயேதான் இருந்தது. ஆனால் மருத்துவர் வெளியே வந்து பேசியபோது, அவர் சொன்ன ஒவ்வொன்றையும் என்னால் காதில் வாங்கி, கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்க முடிந்தது. இந்தப் பயிற்சியிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். வருத்தத்துக்குக் காரணமான கடனையோ நோயையோ பிரிவையோ அது தீர்க்காது. அவற்றின் முன்னால் நிற்கும்போது உடல் தன் வசத்தில் இருக்கும்படி அது செய்கிறது. அந்த நிலையில் எடுக்கும் முடிவுகள் பதறி எடுப்பவற்றைவிட மேலானவையாக இருக்கின்றன.

கடினமான ஒரு பேச்சுக்கு முன்னால், தேர்வு அறைக்குள் நுழையும் முன்னால், ரத்தம் எடுக்க ஊசி போடும்போது என்று இன்னும் பல வேளைகளைச் சொல்லலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. மருத்துவரிடம் ரத்த அழுத்தம் பார்க்கும் நேரத்தில், அளவைக் குறைத்துக் காட்டுவதற்காக இதைச் செய்ய வேண்டாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு அளப்பதுதான் முறை. அந்த நேரத்தில் இயல்பாக மூச்சுவிட்டால்தான் மருத்துவருக்கு உங்கள் வழக்கமான அளவு தெரியும். தொடர்ந்து செய்கிறவர்களுக்கு ரத்த அழுத்தம் சிறிதளவு குறையலாம் என்றாலும், அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

எல்லோருக்கும் இது முதல் நாளிலேயே பொருந்திவிடாது. ஆஸ்துமாவோ நாள்பட்ட நுரையீரல் நோயோ உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, எண்ணிக்கையைக் குறைத்துச் செய்ய வேண்டும். திடீர் பீதி அடிக்கடி வருகிறவர்களில் சிலருக்கு, கவனம் மூச்சின் மீது போவதே அச்சத்தைக் கூட்டும். அவர்கள் கண்களைத் திறந்து எதிரில் உள்ள ஒரு பொருளைப் பார்த்தபடியோ, நடந்தபடி அடிகளை எண்ணிக்கொண்டோ செய்யலாம். அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் மனநல மருத்துவரின் உதவியோடு வேறு வழியைத் தேடுவதில் எந்தக் குறையும் இல்லை. நெஞ்சில் வலியோ அழுத்தமோ, கைக்கோ தாடைக்கோ பரவும் வேதனையோ, காரணம் தெரியாத மூச்சுத்திணறலோ வந்தால் பதற்றமாகத்தான் இருக்கும் என்று தானே முடிவுசெய்துகொண்டு மூச்சை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதைப் பழகுவதற்கு ஏற்ற நேரம், பதற்றம் எதுவும் இல்லாத நேரம்தான். மனம் கொந்தளிக்கும் வேளையில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள முடியாது. கற்றதை எடுத்துப் பயன்படுத்தத்தான் முடியும். காலையில் எழுந்தவுடனோ, வேலை தொடங்குவதற்கு முன்போ, நாள்தோறும் ஒரே வேளையில் ஐந்து நிமிடம் செய்துவந்தால், சில வாரங்களில் எண்ணாமலேயே அந்த நீளம் உடலுக்குப் பழகிவிடும். அதற்குப் பிறகு கூட்டத்தின் நடுவில், யாருக்கும் தெரியாமல், பேசுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்ய முடியும்.

இன்னொருவருக்கு உதவ நேரும்போது செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் வீட்டிலோ அலுவலகத்திலோ யாரேனும் ஒருவர் மூச்சு வாங்கி நடுங்கும் நிலை எப்போதாவது வரத்தான் செய்யும். இப்படி முன்பும் வந்து, அது பதற்றம்தான் என்று தெரிந்தவருக்கே இது பொருந்தும். முதல்முறையாக வருகிறவரை மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். அவரிடம் பதறாதே என்று சொல்வதால் எதுவும் ஆகாது. காகிதப் பையை வாயில் வைத்து மூச்சுவிடச் சொல்வதும் கூடாது. ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ காரணமாக இருந்தால் அது ஆபத்தில் முடியும். அவர் அருகில், அவர் பார்க்கும்படி உட்கார்ந்து, முதலில் நீங்கள் உங்கள் மூச்சை மெதுவாக, காதில் கேட்கும்படி வெளியே விடுங்கள். உடனே நான்குக்கு ஆறு என்று கேட்காதீர்கள். அப்போது அவரால் அது முடியாது. இரண்டு எண்ணி இழுக்கவும் மூன்று எண்ணி விடவும் சொல்லி, நீங்களே தாழ்ந்த குரலில் எண்ணிக்கொடுங்கள். சில சுற்றுகள் சென்றதும் மூன்றுக்கு நான்கு, பிறகு மூன்றுக்கு ஐந்து என்று, அவரது வெளிமூச்சு இடம்கொடுக்கும் அளவுக்கு மட்டும் நீட்டிக்கொண்டு போகலாம். நடுவில் அவர் தாளத்தைத் தவறவிட்டால் திருத்த வேண்டாம். அடுத்த வெளிமூச்சிலிருந்து மீண்டும் சேர்ந்துகொள்வார்.